வண்டிகள் வணங்கிய கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய ரவுண்டானாப் பக்கம் போய் நின்றிருந்தால் உங்களுக்கும் புல்லரித்திருக்கும். நடைபாதையில் கூட்டம். நடுத்திட்டில் கூட்டம். பேருந்து நிழற்குடையின் கூரைமேல்கூட நாலு பேர் குந்தியிருந்தார்கள். ஒலிபெருக்கி “இதோ, இதோ!” என்று அலறும். ஒரு சிவப்புக் கார் சீறிக்கொண்டு வந்து, ஆளில்லா வண்டிகளின் வரிசைக்குக் குறுக்கே பாயும்.

அவ்வளவுதான். முதல் வண்டி சட்டென்று நிற்கும். நின்ற வேகத்தில் அதன் மூக்கு கீழே தாழும். அதற்குப் பின்னால் வருவதும் தாழும். அதற்கும் பின்னால் வருவதும். கடைசி வண்டிவரை வரிசையாகத் தலையைக் குனிந்து நிற்கும்.

“வணங்குது! வணங்குது!” என்று கூட்டம் கத்தும். பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். யாரோ ஒரு அம்மாள் வண்டிகளைப் பார்த்துப் பதிலுக்குக் கும்பிடுவார்.

வேகமாகப் போகும் எந்த வண்டியும் பிரேக் போட்டால் மூக்கைத் தாழ்த்தும். இதை அறிய ஞானம் வேண்டாம். ஒரு முறை பேருந்தில் நின்றுகொண்டு போனாலே போதும். ஆனால் கூட்டம் என்று ஒன்று சேர்ந்துவிட்டால், தன் நெற்றி கம்பியில் இடித்ததுகூட மனிதனுக்கு மறந்துபோகிறது.

ஆளில்லா வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு ஓடும் வெள்ளைப் பெட்டிகள். ஓட்டுநர் இருக்கையே கிடையாது. கூரையில் ஒரு கண் சுற்றிக்கொண்டிருக்கும். அவை ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும். முன்னால் போவது நிற்கப்போகிறது என்றால் பின்னால் வருவதற்கு அப்போதே சேதி போய்விடும். மனிதன் ஓட்டும் வண்டி மட்டும் அவற்றோடு பேசாது. நாம் எந்தப் பக்கம் திரும்புவோம் என்பது நமக்கே தெரியாதபோது, பாவம், அவற்றுக்கு எப்படித் தெரியும்? ஆகவே அவற்றைச் செய்தவர்கள் ஒரு புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள்: மனிதன் குறுக்கே வந்தால் நின்றுவிடு, அவனிடம் நியாயம் பேசாதே.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலகை வைத்து எழுதியிருந்தார்கள். பலகையின் நிழலில் நின்றவர்கள் உண்டு. பலகைமேல் துண்டு காயப்போட்டவர்கள் உண்டு. படித்தவர்களைத்தான் காணோம்.

இந்த இடத்தில்தான் வழிவிடு சாமி பிறந்தார். அதற்கு முன்பு அவர் காருக்கு சீட் உறை தைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஆளில்லா வண்டிகள் வந்ததும் கார் வாங்குவோர் குறைந்தார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. ஒருநாள் அவசரத்தில் அவர் அந்த வரிசைக்குக் குறுக்கே காரை விட்டார். வரிசை நின்றது. வேறு யாராக இருந்தாலும் “அப்பாடா, பிழைச்சோம்” என்று போயிருப்பார்கள். இவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. மறுவாரமே கடைப் பலகை மாறியது.

அவர் கொடுத்தது ‘வழிவிடு காப்பு’. தீப்பெட்டி அளவில், மின்னும் தகடு சுற்றிய ஒரு கறுப்புக் கட்டி. ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒட்டிவைக்க வேண்டும். ஒட்டினால் எதிரே வரும் எந்த வண்டியும் ஒதுங்கும். விலை என்று எதுவும் கிடையாது, காணிக்கைதான். ஆனால் காணிக்கை இவ்வளவு என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தது.

தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். இங்கே வண்டியிலேயே ஆளில்லை, கேட்பானேன்! சாமியின் புகழ் கிடுகிடுவென்று ஏறியது.

காப்போடு ஒரு விதியும் உண்டு. அதுதான் சாமியின் மூளையில் உதித்த பெரிய வைரம். சந்திப்பு நெருங்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் காப்பை நம்பவில்லை என்று பொருள், சக்தி இறங்கிவிடும். ஆகையால் வலது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு கடக்க வேண்டும். இதற்கு ‘மடக்குக்கால்’ என்று பெயர். இடித்துக்கொண்டவன் வந்து முறையிட்டால் சாமி ஒரே கேள்விதான் கேட்பார்: “கால் உதறுச்சா?” இடிக்கப்போகும்போது உதறாத கால் உலகத்தில் உண்டா? அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு காப்பு வாங்கிப் போவான்.

சாமி மட்டும் எங்கே போனாலும் ஆளில்லா வண்டியில்தான் போவார். கேட்டால், “அதுங்க என் பிள்ளைங்க” என்பார்.

இத்தனையும் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. ஊரின் பிழையைத் திருத்தும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை. வேடிக்கை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

என் அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருத்தெருவாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த ரவுண்டானா வழியாகத்தான் போக வேண்டும். அவருடைய மகள் பாப்பாவும் அதே வேனில்தான் போவாள். அண்ணி வேதியியல் டீச்சர். மருந்து சேர்த்த குழாய் ஒன்று, சேர்க்காத குழாய் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். “கல்யாணத்தை மட்டும்தான் அப்படிப் பார்க்காம பண்ணிட்டேன்” என்று அண்ணன் காதில் விழும்படியே சொல்வார்.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணி கேட்டார். “என்னங்க, பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு, மாத்தணும்னீங்களே. மாத்தியாச்சா?”

“அதான் காப்பு ஒட்டியாச்சே.”

“காப்பு பிரேக் பிடிக்குமா?”

“பிரேக்கே வேண்டாங்கறதுக்குத்தான் காப்பு. எவ்வளவு பெரிய வரிசை வந்தாலும் நிக்குது. கண்ணால பார்த்தவன் சொல்றேன்.”

“காப்பைக் கழட்டிட்டுப் போய்ப் பார்த்தீங்களா?”

“எதுக்குக் கழட்டணும்? இருக்கும்போது நிக்குதில்ல?”

“இல்லாதபோதும் நிக்குமான்னு பார்க்க வேண்டாமா?”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “படிச்சவங்களோட இதான் தொல்லை” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் புகுந்தவனுக்கு எந்தக் காப்பும் உதவாது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள்.

“சித்தப்பா! இன்னைக்கு எங்க வேன் கண்ணாடி பறந்துபோச்சு!”

“எப்படிடா?”

“தண்ணி லாரி இவ்ளோ கிட்ட வந்துச்சு. டமால்னு கண்ணாடி மட்டும் போயிடுச்சு. அப்பா கால மடக்கிட்டு கண்ண மூடிக்கிட்டாரு. நாங்களும் மடக்கிக்கிட்டோம். எல்லாரும் மடக்கணும், இல்லன்னா சக்தி போயிடும்னு அப்பா சொல்லிக் குடுத்திருக்காரே!”

சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். ஒரு வேன் நிறையக் குழந்தைகள் காலை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு லாரியை நோக்கிப் போயிருக்கிறார்கள். அண்ணி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவைத்தார். எழுந்துபோய்ப் பாப்பாவைக் கட்டிக்கொண்டார். கொஞ்சநேரம் விடவே இல்லை.

அண்ணன் வந்ததும் அண்ணி கேட்டார். “லாரி ஒதுங்கலையா?”

“அந்தாளு காப்பு பழசு. சக்தி போயிடுச்சு.”

“அவர்கிட்டயும் காப்பு இருக்கா?”

“இருக்கு. அவனும் மடக்குக்கால்தான்.”

“அவர் என்ன சொன்னார்?”

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். “என் காப்பு பழசுங்கறான்.”

இரண்டு பேருக்கும் எதிராளி ஒதுங்குவான் என்று வாக்கு. இரண்டு பேருக்கும் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி உத்தரவு. இந்தக் கணக்கைப் போட வேதியியல்கூட வேண்டாம். மறுநாளிலிருந்து அண்ணி பாப்பாவைத் தானே பேருந்தில் கூட்டிப் போனார். ஆனால் அன்றிரவே என்னிடம் சொன்னார்: “தம்பி, நம்ம பிள்ளையை இறக்கிட்டோம். மத்தப் பிள்ளைங்க?”

அதற்குள் இடி ஒன்று விழுந்தது. வரும் ஞாயிறு சாமியின் பெருந்தரிசனம். கவுன்சிலர் வருகிறார். பள்ளி வேன் எதுவானாலும் காப்பு இல்லாமல் ஓடக் கூடாது என்று மேடையிலேயே அறிவிக்கப்போகிறாராம். பிரேக் இருக்கிறதா என்று எந்தக் கவுன்சிலரும் இதுவரை கேட்டதில்லை.

ஞாயிறு வந்தது. ஊரே திரண்டிருந்தது. சாமி பட்டு மின்ன மேடையில் வீற்றிருந்தார். சிவப்புக் கார் பாய்ந்தது, வண்டிகள் வணங்கின, கூட்டம் அலறியது. கவுன்சிலர் எழுந்து, “அறிவியலே சாமியிடம் மண்டியிடுகிறது!” என்றார். கைதட்டல் ஓய்வதற்குள் அண்ணி மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

“சாமி, ஒரு சின்ன சந்தேகம். அந்தக் காரிலிருந்து காப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

கூட்டம் முணுமுணுத்தது. சாமி புன்னகைத்தார். “கழட்டினா உசிருக்கு நான் பொறுப்பில்லை தாயே.”

சிவப்புக் காரை ஓட்டிய சீடன் சாவியை ஏதோ தேளைத் தூக்குவதுபோல் நீட்டினான். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நீ ஓட்டு.”

வீரனாக வேண்டும் என்று நான் யாரிடமும் விண்ணப்பம் போட்டதில்லை. ஆனாலும் ஏறினேன். காப்பு கழற்றப்பட்டதை ஒலிபெருக்கியே அறிவித்தது. என் கால் மடங்கவில்லை. பிரேக்குக்கு மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசைக்குக் குறுக்கே விட்டேன். முதல் வண்டி நின்றது. மூக்கைத் தாழ்த்தியது. பின்னால் வந்தவை எல்லாம் தாழ்த்தின. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை யாரோ மதித்தார்கள்.

“டீச்சரோட கொழுந்தனுக்கும் சக்தி இருக்குடோய்!” என்று ஒருவன் கத்தினான். பாருங்கள், இதுதான் நம் ஜனங்கள்.

அண்ணி அசரவில்லை. துணி துவைக்கும் எந்திரம் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்து, கயிறு கட்டி, எதிர்ப்பக்கமிருந்து இழுக்கச் சொன்னார். பெட்டி ஆடி அசைந்து சாலையில் இறங்கியது. வண்டிகள் பெட்டியையும் வணங்கின.

“அட்டைப்பெட்டிக்கு யாருங்க காப்பு குடுத்தது?” என்றார் அண்ணி.

சாமியின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. “என் பார்வை அதுமேல பட்டது.”

“அப்படின்னா கண்ணைக் கட்டிக்குங்க சாமி.”

சீடர்களே ஆசையாக ஓடிவந்து துண்டால் கண்ணைக் கட்டினார்கள். பெட்டி போயிற்று. வண்டிகள் வணங்கின. சாமி துண்டை அவிழ்த்து, “அகக்கண்ணால் பார்த்தேன்” என்றார். கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது! எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. உண்மை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் பொய் ஊர்வலம் போய்த் திரும்பிவிடுகிறது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. “சரி சாமி, ஆளில்லா வண்டி நிக்குது. ஆள் ஓட்டற வண்டியும் காப்புக்கு ஒதுங்குமா?”

“எந்த வண்டியும் ஒதுங்கும்!”

“அப்ப நீங்க ஒரு கார் ஓட்டுங்க. எதிர்ல ஒரு லாரி வரட்டும். உங்க காரில காப்பு இருக்கட்டும். நீங்க மடக்குக்கால் போட்டுக்குங்க.”

சாமி தண்ணீர் குடித்தார். “நாம் வாகனம் ஓட்டுவதில்லை. விரதம்.”

இங்கேதான் அண்ணிக்கு எதிர்பாராத துணை கிடைத்தது: பக்தர்கள். “ஒரே ஒரு நாளைக்கு விரதத்தை விடுங்க சாமி! இந்தம்மா வாயை அடைங்க சாமி!” என்று மேடையில் ஏறினார்கள். சாமி “வேண்டாம்ப்பா, விடுங்கப்பா” என்றார்; அடக்கம் என்று நினைத்தார்கள். குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டுபோய், பக்கத்திலிருந்த சந்தை வண்டி நிறுத்தத்தின் காலித் திடலில், காப்பை மறுபடி ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்திய சிவப்புக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டார்கள். நம்பாதவள் கேள்விதான் கேட்டாள். நம்பினவர்கள் ஆளையே தூக்கிக்கொண்டு போனார்கள்.

எதிரே லாரி ஓட்ட முன்வந்தவர் யார் தெரியுமா? அந்தத் தண்ணி லாரிக்காரரேதான். “நான் வர்றேன் டீச்சர். எனக்கும் தெரிஞ்சாகணும். வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்றார். அண்ணி அவரைத் தனியே கூட்டிப்போய்த் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்: மெதுவாக வர வேண்டும், இந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது, கால் பிரேக்கைவிட்டு நகரக் கூடாது. பிறகு கூட்டத்தைச் சாமியின் காருக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தினார்.

“எல்லாரும் காரோட பின்பக்கச் சிவப்பு விளக்கை மட்டும் பாருங்க. பிரேக்கைத் தொட்டாத்தான் அது எரியும். சாமி கால் மடங்கியிருந்தா எரியாது.”

இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அப்போது அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “நீயா லாரியில ஏறப்போறே?”

“அவர் லாரி, அவர் ஓட்டறார். ஏன், அவருக்குப் பதிலா நம்ம வேன்ல நான் வரட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்!” அண்ணன் அவர் கையைப் பிடித்துவிட்டார். “அதுல பிரேக் சரியாப் பிடிக்காது!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அண்ணி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். பெண்டாட்டி ஏறக் கூடாத வேனில் அவர் தினமும் யாரை ஏற்றிக்கொண்டு போனார் என்று அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது.

லாரிக்காரர் ஏறினார். எஞ்சினைக் கிளப்பினார். அது ஒருமுறை உறுமியது.

காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன.

லாரி இன்னும் நகரவே இல்லை.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “சாமி… கால்…”

“தவறிப் பட்டுடுச்சு!” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

மறுபடி தொடங்கினார்கள். லாரி இப்போது ஊர்ந்து வந்தது, கிழவர் நடக்கும் வேகத்தில். எதிரே நகர்ந்த கார் கோட்டுக்கு வெகு முன்பே கிறீச்சென்று நின்றது. வண்டிகளைப் போலவே மூக்கைத் தாழ்த்தியது. சிவப்பு விளக்கு அணையவேயில்லை. ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டேய், ரெண்டு காலாலயும் மிதிச்சுக்கிட்டு இருக்கார்டா!”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பு, அதற்குப் பிறகு கோபம். சாமி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். சாலையில் வந்த ஆளில்லா வண்டி ஒன்றை மறித்தார். அது நின்றது, எல்லோருக்கும் நிற்பதுபோல. ஏறிக் கதவை மூடிக்கொண்டார். “போ, போ!” என்று கத்தினார். அதற்குள் ஜனங்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். மனிதன் குறுக்கே நின்றால் நகரக் கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன புத்தி. சாமியின் பிள்ளை சாமியை உள்ளே வைத்துக்கொண்டு, “பாதை தெளிவாகும்வரை காத்திருக்கவும்” என்று இனிமையான குரலில் சொல்லிக்கொண்டே, போலீஸ் வரும்வரை அசையாமல் நின்றது.

கவுன்சிலரைத் தேடினேன். அவர் தன் காரிலிருந்த காப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வேனுக்குப் போனார். காப்பைப் பிடுங்கி, தகட்டை உரித்தார். உள்ளே சாலை போட்டபோது மிஞ்சிய தார். கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. கறுத்த விரல்களைப் பார்த்தார். “பிள்ளைங்களைக் கால மடக்கச் சொன்னேனே” என்று அழுதார். அண்ணி திட்டவில்லை. “எழுந்திருங்க. மெக்கானிக்கை இங்கயே கூப்பிடுங்க. இந்த வண்டி இப்படியே ஒரு அடி நகரக் கூடாது” என்றார்.

திங்கட்கிழமை காலை, புதுப் பிரேக்கோடு வேன் ரவுண்டானாவை நெருங்கியது. பாப்பாவும் நானும் உள்ளே இருந்தோம். பிள்ளைகள் பழக்கத்தில் காலை மடக்கிக் கண்ணை மூடினார்கள். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினார்.

“எல்லாரும் கால கீழ விடுங்க. கண்ணத் தொறங்க. எந்தப் பக்கம் வண்டி வருதுன்னு பார்த்து எனக்குச் சொல்லுங்க.”

வேன் முழுக்க ஒரே கூச்சல். “அந்தப் பக்கம் லாரி, அங்கிள்!” “இந்தப் பக்கம் பைக்!” அண்ணன் நின்றார், பார்த்தார், பிறகு போனார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு கார்கள். முன்னால் நின்றவர் பயபக்தியோடு கைகட்டிக்கொண்டு சொன்னார்: “டீச்சரம்மா, சாமி பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. சக்தி உங்ககிட்டதான் இருக்கு. எங்க பிரேக்கை உங்க கையால ஒருதடவை தொட்டுக் குடுத்துடுங்க.”

அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வாசலில் நின்றே சொன்னேன், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ஆளில்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள் ஐயா, அதற்குள் யாரோ யோசித்து வைத்த புத்தி இருக்கிறது, ஆள் உட்கார்ந்திருந்தும் புத்தியில்லாமல் ஓடுகிறதே உங்கள் வண்டி, அதைப் பார்த்துப் பயப்படுங்கள்.